வேலைவழிக் குடிவரவுச் சட்டம்: கொழும்பில் இந்தத் துறைக்கு வர நினைப்பவர்கள் கேட்கும் கேள்விகள்

சட்டக் கல்லூரி மாணவர்கள், பயிற்சிக்கு வரும் பிள்ளைகள், சில வேளை அவர்களுடைய பெற்றோர் என்று பலரும் ஒரே சந்தேகங்களைத் திரும்பத் திரும்பக் கேட்பதால் இதை எழுதிவைக்கிறேன். நான் கொழும்பில் சட்டத்தரணி. என் மேசைக்கு வருவதில் பெரும்பகுதி வேலை தொடர்பான வீசாக்கள்: இங்கே வேலைக்கு வரும் வெளிநாட்டவர்களுடையதும், இங்கிருந்து வேலைக்குப் போகும் நம்மவர்களுடையதும். கேட்டவர்களின் சொற்களை முடிந்தவரை அப்படியே வைத்திருக்கிறேன். இதை எவரும் தம் சொந்த வழக்குக்கான ஆலோசனையாக எடுக்க வேண்டாம்.

அக்கா, இது வீசா படிவம் நிரப்பிக் கொடுக்கும் வேலைதானே? இதற்கு எதற்குச் சட்டத்தரணி?

படிவம் கடைசியில்தான் வருகிறது. அதற்கு முன்னே தீர்க்க வேண்டியவை மூன்று. அந்த வேலை சட்டம் சொல்லும் வகைக்குள் அடங்குகிறதா? அந்த ஆளுக்கு அதற்கான தகுதி இருப்பதைப் பத்திரங்களால் காட்ட முடியுமா? அழைக்கும் நிறுவனத்துக்கு அவரை அழைக்கும் உரிமை இருக்கிறதா? இந்த மூன்றில் ஒன்று தவறினாலும் படிவத்தை எவ்வளவு அழகாக நிரப்பினாலும் பயன் இல்லை.

ஓர் எடுத்துக்காட்டு. அமெரிக்காவின் எச்-1பி என்னும் தற்காலிக வேலை வீசாவுக்கு, அந்தப் பதவிக்குக் குறிப்பிட்ட துறையில் பட்டம் அவசியம் என்று காட்ட வேண்டும். நியமனக் கடிதத்தில் 'கணக்காளர்' என்று இருக்கும். கடமைகளின் பட்டியலைப் படித்தால் பற்றுச்சீட்டு அடுக்கும் வேலையாக இருக்கும். பரிசீலிக்கும் அலுவலர் பதவியின் பெயரைப் பார்ப்பதில்லை, கடமைகளைப் பார்க்கிறார். ஒரு வேலை நாள் எப்படிக் கழிகிறது என்று ஊழியரிடம் பொறுமையாகக் கேட்டு, உள்ளதை உள்ளபடி சட்டத்தின் அளவுகோலுக்கு எதிரே வைத்துப் பார்ப்பதுதான் நமது வேலை.

இதற்கென்று தனியாக ஒரு படிப்பு இருக்கிறதா?

இலங்கையில் இல்லை. எல்லோரும் போகும் பாதைதான்: புதுக்கடையில் இருக்கும் சட்டக் கல்லூரியின் பரீட்சைகள், ஆறு மாதப் பயிற்சி, உயர் நீதிமன்றத்தில் சத்தியப்பிரமாணம். பல்கலைக்கழகத்தில் சட்ட இளமாணி முடித்தவர்களும் சட்டக் கல்லூரிப் பரீட்சைகளைக் கடந்தே சட்டத்தரணியாகிறார்கள்.

படிக்கும் காலத்தில் நிர்வாகச் சட்டம், ஒப்பந்தச் சட்டம், தொழிற்சட்டம், சான்றுச் சட்டம் ஆகிய நான்கையும் ஆழமாகப் படியுங்கள். குடிவரவுச் சட்டம் என்பது பெரும்பாலும் நிர்வாகச் சட்டம்: ஓர் அலுவலருக்குத் தற்றுணிபு, அதாவது தானே தீர்மானிக்கும் அதிகாரம், கொடுக்கப்பட்டிருக்கிறது, அதை அவர் எந்த எல்லைக்குள் பயன்படுத்தலாம் என்பதே அடிக்கடி எழும் பிரச்சினை. பிரசித்த நொத்தாரிசு தகுதியையும் விட்டுவிடாதீர்கள். தொடக்க வருடங்களில் வாடகை கட்ட அது உதவும்.

நான் தமிழ் மொழிமூலம் படித்தவள். ஆங்கிலம் அவ்வளவு வராது. இந்தத் துறை எனக்குச் சரிவருமா?

சட்டக் கல்லூரிப் பரீட்சைகளை ஆங்கிலத்தில் மட்டும் நடத்துவதற்கான ஒழுங்குவிதியை 2023 மார்ச்சில் பாராளுமன்றம் நிராகரித்தது. ஆகவே தமிழ் மூலம் சட்டத்தரணியாகும் கதவு மூடப்படவில்லை. ஆனால் இந்தத் துறையில் மனுக்கள், விதிகள், மின்னஞ்சல்கள் எல்லாமே ஆங்கிலத்தில்தான் நடக்கின்றன என்பதை மறைக்க மாட்டேன். தேவைப்படுவது மேடைப் பேச்சு ஆங்கிலம் அல்ல. தெளிவாக, குழப்பமில்லாமல் எழுதும் ஆங்கிலம். அதைத் தினமும் எழுதிப் பழகினால் பெற்றுவிடலாம்.

உங்கள் தமிழுக்கு இங்கே இருக்கும் மதிப்பையும் சொல்ல வேண்டும். கிளிநொச்சியிலிருந்தோ மட்டக்களப்பிலிருந்தோ வரும் ஒருவர் தன் வேலை வரலாற்றைத் தமிழில்தான் முழுமையாகச் சொல்வார். ஆங்கிலத்தில் கேட்டால் சுருக்கிவிடுவார். சுருக்கும்போது வழக்குக்கு உயிர் கொடுக்கும் விபரம் விழுந்துவிடும். சிங்களமும் தெரிந்திருந்தால் பத்தரமுல்லையில் இருக்கும் குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தின் கருமபீடங்களில் பாதி வேலை எளிதாகிவிடும்.

கொழும்பில் இருந்துகொண்டே அமெரிக்க, கனடா, இங்கிலாந்து வழக்குகளைச் செய்யலாமா?

மிகவும் கவனமாகப் பதில் சொல்ல வேண்டிய கேள்வி இது. கனடாவின் குடிவரவு மற்றும் அகதிகள் பாதுகாப்புச் சட்டத்தின் 91ஆம் பிரிவின்படி, பணம் பெற்றுக்கொண்டு ஆலோசனை சொல்லவோ பிரதிநிதியாக நிற்கவோ அந்நாட்டுச் சட்டச் சங்கங்களின் உறுப்பினர்கள், கியூபெக் நொத்தாரிசுகள், உரிமம் பெற்ற குடிவரவு ஆலோசகர்கள் ஆகியோருக்கே அனுமதி. ஐக்கிய இராச்சியத்தில் 1999ஆம் ஆண்டுக் குடிவரவு மற்றும் புகலிடச் சட்டத்தின் 84ஆம் பிரிவு, அந்நாட்டுக்குள் தகுதியற்றவர் குடிவரவு ஆலோசனை வழங்குவதைத் தடை செய்கிறது. அமெரிக்காவில் தாக்கலாகும் எச்-1பி மனுவில் முதலாளியின் சட்டத்தரணியாகக் கையெழுத்திட, அங்குள்ள ஏதாவதொரு மாநிலத்தில் சட்டத்தரணியாகப் பதிவு பெற்றிருக்க வேண்டும். குடிவரவு அங்கே கூட்டாட்சிச் சட்டம் என்பதால் எந்த மாநிலப் பதிவும் போதும். ஆனால் பதிவு வேண்டும்.

உயர் நீதிமன்றத்தில் நாம் எடுத்த சத்தியப்பிரமாணம் இலங்கைச் சட்டத்துக்கானது. 'கனடா வீசா நிபுணர்' என்று வெள்ளவத்தையில் பலகை மாட்டுவதற்கு அது உரிமை தருவதில்லை. இதைச் சொன்னால் சிலர் முகம் சுருங்குகிறது. சுருங்கினாலும் சொல்லத்தான் வேண்டும், ஏனென்றால் அங்கீகாரம் இல்லாதவரை நம்பி விண்ணப்பித்தவரின் கோவைதான் திரும்பி வரும்.

அப்படியென்றால் கொழும்புச் சட்டத்தரணிக்கு என்ன மிச்சம்?

நிறைய இருக்கிறது. முதலாவது, உள்வரும் வேலை. 1948ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கக் குடிவருவோர் குடியகல்வோர் சட்டம்தான் அடிப்படை. ஹோட்டலுக்கு வரும் சமையற்கலைஞர், ஆடைத் தொழிற்சாலைக்கு வரும் தொழில்நுட்பவியலாளர், கட்டுமானத் திட்டத்துக்கு வரும் பொறியியலாளர் ஆகிய எல்லோருக்கும் வதிவிட வீசா வேண்டும். முதலீட்டுச் சபையின் கீழ் இருக்கும் நிறுவனங்களுக்குச் சபையின் பரிந்துரை, மற்றவற்றுக்குத் துறைசார்ந்த அமைச்சின் பரிந்துரை என்று பாதை பிரிகிறது. அந்த வீசா குறிப்பிட்ட நிறுவனத்தோடு கட்டப்பட்டது. ஊழியர் வேறு கம்பனிக்கு மாறினால் பழைய வீசாவில் வேலை செய்ய முடியாது என்பதைப் பல மனிதவள முகாமையாளர்கள் மாறிய பிறகே அறிகிறார்கள். 2021ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த துறைமுக நகரப் பொருளாதார ஆணைக்குழுவின் ஏற்பாடுகளையும் இப்போது படிக்க வேண்டியிருக்கிறது.

இரண்டாவது, வெளியே போகும் வழக்குகளின் இலங்கைப் பக்கம். அமெரிக்கச் சட்ட நிறுவனம் மனுவை எழுதும். அதற்கான சான்றுகள் இங்கிருந்துதான் போக வேண்டும். பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தின் சரியான பிரதி, சத்தியக் கடதாசி, பல்கலைக்கழகப் பெறுபேற்று அறிக்கை, முன்னாள் முதலாளிகளின் கடிதங்கள், சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரின் மொழிபெயர்ப்பு, சுஹுருபாயவில் கொன்சியூலர் பிரிவின் உறுதிப்படுத்தல் என்று நீளும் பட்டியல் அது. நிறுவனத்தின் இலங்கை ஒப்பந்தத்தையும் பார்க்க வேண்டும்: வெளிநாட்டுக்கு அனுப்பப்படும் காலத்தில் ஊழியர் சேமலாப நிதி என்ன ஆகிறது, திரும்பி வந்தால் பழைய பதவி உண்டா, இடையில் விலகினால் பிணைமுறி செல்லுமா? இவை இலங்கைச் சட்டக் கேள்விகள். நம்மைத் தவிர வேறு எவரும் பதில் சொல்ல முடியாது.

அமெரிக்க வேலை வீசாவை ஒரு தடவை தலை முதல் கால் வரை சொல்லித் தர முடியுமா?

தற்காலிக வேலையும் நிரந்தர வதிவிடமும் வெவ்வேறு பாதைகள் என்பதை முதலில் மனதில் வையுங்கள். தற்காலிகத்தில் பிரபலமானது எச்-1பி. வருடாந்த ஒதுக்கீடு 65,000. அமெரிக்கப் பல்கலைக்கழக முதுமாணிப் பட்டம் உள்ளவர்களுக்கு மேலும் 20,000. கேட்பவர்கள் அதைவிடப் பல மடங்கு என்பதால் முதலில் பதிவு, பிறகு தெரிவு, தெரிவானவருக்கே மனு. கொழும்பு மென்பொருள் நிறுவனங்களுக்கு எல்-1 இன்னும் பொருத்தமாக இருக்கலாம்: ஒரே குழும நிறுவனத்தில் கடந்த மூன்று வருடங்களுக்குள் ஒரு வருடம் தொடர்ச்சியாக வெளிநாட்டில் வேலை செய்த முகாமையாளரோ விசேட அறிவுள்ளவரோ போகும் வழி அது. அதற்கு வருடாந்த உச்சவரம்பு இல்லை.

நிரந்தர வதிவிடத்துக்கு வேலைவழியில் வருடத்துக்குச் சுமார் 140,000 இடங்கள். குடும்பத்தினரும் இந்தக் கணக்கில் அடங்குவர். பெரும்பாலான வழக்குகளில் முதலாளி முதலில் அந்த வேலைக்குத் தகுதியான அமெரிக்கர் கிடைக்கவில்லை என்பதை விளம்பரம் செய்து நிரூபித்துத் தொழில் திணைக்களத்தின் சான்று பெற வேண்டும். 'பேர்ம்' என்று நாங்கள் சொல்வது இதைத்தான். அதன் பிறகு ஊழியருக்காக முதலாளி குடிவரவுத் துறையில் தாக்கல் செய்யும் ஐ-140 மனு, பிறகு இடம் கிடைக்கும் வரை வரிசை. நாட்டின் நலனுக்கு உதவும் பணி என்று காட்டினால் முதலாளியும் விளம்பரமும் இல்லாமலே மனுச் செய்யும் விலக்கு ஒன்றும் உண்டு. அதன் அளவுகோலை 2016இல் தனசார் என்ற வழக்கில் வந்த தீர்மானம் வகுத்தது. ஆராய்ச்சியாளர்களும் வைத்தியர்களும் கேட்டு வந்தால் அதை முதலில் படித்துவிட்டுப் பேசுங்கள்.

மூன்று வருடப் பொதுப் பட்டத்தையும் பி.சி.எஸ். (கணினித் துறை), சீமா (முகாமைக் கணக்கியல்) போன்ற பட்டய உறுப்புரிமைகளையும் பட்டமாக ஏற்றுக்கொள்வார்களா?

கொழும்பில் இதைவிட அதிகம் கேட்கப்படும் கேள்வி இல்லை. பதில் வீசாவுக்கு வீசா மாறுகிறது. எச்-1பியில் மூன்று வருட உரிய வேலை அனுபவத்தைப் பல்கலைக்கழகப் படிப்பின் ஒரு வருடத்துக்கு ஈடாகக் கணக்கிட வழி இருக்கிறது. ஆகவே மூன்று வருடப் பட்டதாரிக்கு அனுபவம் இருந்தால் நான்கு வருட அமெரிக்கப் பட்டத்துக்கு நிகராக வாதிடலாம்.

நிரந்தர வதிவிடத்தில் அந்தக் கணக்கு செல்லாது. வேலைவழி இடங்களின் இரண்டாம் பிரிவான ஈ.பி.-2க்கு முதுமாணி வேண்டும், அல்லது இளமாணியும் அதற்குப் பின் ஐந்து வருட முன்னேறும் அனுபவமும் வேண்டும். அந்த இளமாணி தனியொரு பட்டமாகவே நான்கு வருட அமெரிக்கப் பட்டத்துக்கு நிகராக இருக்க வேண்டும். மூன்று வருடப் பட்டத்தோடு டிப்ளோமாவைக் கூட்டிக் காட்டினால் பெரும்பாலும் மறுப்புத்தான். அப்படியானவருக்கு மூன்றாம் பிரிவான ஈ.பி.-3இல் இரண்டு வருட அனுபவத்தை அடிப்படையாகக் கொண்ட தொழிற்திறன் பிரிவு பொருந்தலாம். ஆனால் விளம்பரம் வெளிவரும் முன்பே பதவித் தகுதியை அதற்கேற்றபடி முதலாளி உண்மையாக வரையறுத்திருக்க வேண்டும். சான்று கிடைத்த பிறகு சொற்களை மாற்ற முடியாது. கல்வித் தகுதியைக் கடைசியில் பார்க்கலாம் என்று விடும் அலுவலகங்களில் வழக்குகள் இந்த இடத்தில்தான் உடைகின்றன.

பட்டய உறுப்புரிமைகளைப் பொறுத்தவரை, மதிப்பீட்டு நிறுவனம் 'நிகரானது' என்று எழுதித் தருவது ஒன்று, அரசு அலுவலர் அதை ஏற்பது வேறு. அந்த அறிக்கை ஆலோசனைக் கருத்து மட்டுமே.

என் பெயர் மூன்று பத்திரங்களில் மூன்று விதமாக இருக்கிறது. பிரச்சினை வருமா?

நம்மவர்களில் பாதிப்பேருக்கு இந்தக் கவலை உண்டு. பிறப்புப் பத்திரத்தில் தகப்பன் பெயர் தனிப் பத்தியில் இருக்கும். பாடசாலையில் அது தலைப்பெழுத்தாகும். கடவுச்சீட்டில் விரிந்து குடும்பப் பெயராகும். பட்டச் சான்றிதழில் முன்பின்னாக மாறும். திருமணத்துக்குப் பின் பெண்களுக்கு இன்னொரு வடிவம் சேரும். தமிழ்ப் பெயரை ஆங்கிலத்தில் எழுதும்போது எழுத்துக்கூட்டல் வேறு ஆளுக்காள் மாறும்.

திருத்தக்கூடியவற்றை முறைப்படி திருத்துங்கள். பதிவாளர் நாயகத்தின் திணைக்களத்தில் அதற்கு வழி இருக்கிறது. திருத்த முடியாதவற்றுக்கு எல்லா வடிவங்களையும் ஒன்றுவிடாமல் சொல்லி, இவை அனைத்தும் ஒருவரையே குறிக்கின்றன என்று சத்தியக் கடதாசி கொடுங்கள். படிவத்தில் 'வேறு பெயர்கள்' என்ற இடத்தை வெறுமையாக விடவே வேண்டாம். வேறுபாடு தானாகக் குற்றம் ஆவதில்லை. சொல்லாமல் விட்ட வேறுபாடுதான் சந்தேகத்தைக் கிளப்புகிறது.

கடவுச்சீட்டு இலங்கையுடையது, ஆனால் நான் பிறந்தது தமிழ்நாட்டு அகதி முகாமில். எந்த நாட்டு வரிசையில் நிற்பேன்?

மேலே சொன்ன 140,000 இடங்களில் எந்த ஒரு நாட்டுக்கும் 7 வீதத்துக்கு மேல் போகக்கூடாது என்ற எல்லை உண்டு. அந்த எல்லையைக் குடியுரிமையை வைத்துக் கணக்கிடுவதில்லை, பிறந்த நாட்டை வைத்துக் கணக்கிடுகிறார்கள். ஆகவே இலங்கைக் கடவுச்சீட்டு இருந்தாலும் நீங்கள் இந்திய வரிசையில் வைக்கப்படுவீர்கள். ஈ.பி.-2, ஈ.பி.-3 இரண்டிலும் அந்த வரிசை பத்து வருடத்துக்கும் மேல் பின்தங்கியிருக்கிறது. இலங்கையில் பிறந்தவரோ 'ஏனைய நாடுகள்' என்ற மிகக் குறுகிய வரிசையில் நிற்பார். போர் ஒரு குழந்தையை எங்கே பிறக்க வைத்தது என்பதற்கு இப்படி ஒரு விலை இருப்பதை எண்ணும்போதெல்லாம் மனம் கனக்கிறது.

ஆனால் வழிகள் இருக்கின்றன. கணவரோ மனைவியோ இலங்கையில் பிறந்திருந்து இருவரும் சேர்ந்து குடியேறினால் அவருடைய பிறந்த நாட்டு வரிசையைக் கோரலாம். மற்றது, பெற்றோர் இருவரும் இந்தியாவில் பிறக்காமலும், குழந்தை பிறந்த வேளையில் அங்கே வதிவிடம் கொண்டிராமலும் இருந்தால் பெற்றோரின் நாட்டைக் கோரலாம். முகாமில் வாழ்ந்தது வதிவிடம் ஆகுமா என்பது வாதத்துக்குரியது. எத்தனை காலம், என்ன நிலையில் என்பதெல்லாம் சான்றோடு வைக்கப்பட வேண்டும். பிறந்த இடத்தை முதல் சந்திப்பிலேயே கேளுங்கள். எச்-1பிக்கு இந்தச் சிக்கல் இல்லை.

கம்பனி பணம் தருகிறது, வீசா ஊழியருக்கு. என் கட்சிக்காரர் யார்?

பல நேரங்களில் இருவருமே. அமெரிக்க நடைமுறையில் ஒரே சட்டத்தரணி முதலாளிக்கும் ஊழியருக்கும் சேர்ந்து நிற்பது வழக்கம். அப்படியானால் தொடக்கத்திலேயே எழுத்தில் சொல்லிவிட வேண்டும்: ஒருவர் சொல்வதை மற்றவரிடமிருந்து மறைக்க முடியாது, இருவருக்கும் முரண் வந்தால் விலக நேரும். ஊழியர் வந்து 'வேலையை விடப் போகிறேன், கம்பனிக்குச் சொல்லாதீர்கள்' என்று கேட்கும் நாள் வரும். அந்த நாளில் விதியைத் தேடக்கூடாது.

பணத்தைப் பற்றியும் ஒன்று. 'பேர்ம்' செலவையும் அதற்கான சட்டத்தரணிக் கட்டணத்தையும் முதலாளிதான் ஏற்க வேண்டும். ஊழியரின் சம்பளத்தில் கழிக்கக்கூடாது. கனடாவில் வெளிநாட்டவரை வேலைக்கு எடுக்க முதலாளி பெற வேண்டிய எல்.எம்.ஐ.ஏ. என்ற தொழிற்சந்தை மதிப்பீட்டு விண்ணப்பத்துக்கான 1,000 டொலர் கட்டணமும் அப்படியே. எவராவது எல்.எம்.ஐ.ஏ.யை விலை பேசினால் அது விற்பனைப் பொருளே அல்ல என்று கட்சிக்காரரிடம் அழுத்திச் சொல்லுங்கள்.

அனுபவக் கடிதத்தில் ஆறு மாதம் கூட்டிப் போட்டால் யாருக்கு என்ன நட்டம் என்று கேட்கிறார்கள். என்ன சொல்வது?

நட்டம் அவருக்குத்தான் என்று சொல்லுங்கள். முக்கியமான விடயத்தில் வேண்டுமென்றே பொய் சொன்னது நிரூபணமானால் அமெரிக்கா வாழ்நாள் முழுவதற்கும் தகுதியிழக்கச் செய்யலாம். விலக்குகள் மிகக் குறைவு. கனடாவில் ஐந்து வருடம். ஐக்கிய இராச்சியத்தில் ஏமாற்று விண்ணப்பத்துக்குப் பத்து வருடத் தடை வரலாம். ஆறு மாதம் காத்திருந்து உண்மையாகவே அந்த அனுபவத்தைப் பெறுவது எவ்வளவு மலிவு என்பதை இந்த எண்களை வைத்தே காட்டிவிடலாம்.

இன்னொருவர் தயாரித்த கடிதமாக இருந்தாலும், பொய் என்று தெரிந்தால் கோவையில் வைக்காதீர்கள். மறுத்தால் பக்கத்துக் கட்டடத்துக்குப் போய்விடுவார் என்பது உண்மை. போகட்டும்.

வேலைவாய்ப்பு முகவர் ஒருவர் ஆட்களை அனுப்புகிறார், கட்டணத்தில் பங்கு கேட்கிறார். சேர்ந்து செய்யலாமா?

வேண்டாம். வெளிநாட்டு வேலைக்கு ஆள் சேர்ப்பது 1985ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் உரிமம் தேவைப்படும் தொழில். உரிமம் இல்லாமல் செய்தால் குற்றம். சட்டத்தரணி வேலை தேடித் தருபவர் அல்ல. அந்தக் கோடு மங்கினால் உங்கள் பெயர் தரகரின் விளம்பரத்தில் போய் நிற்கும்.

விதிகள் மாதத்துக்கு ஒன்றாக மாறுகின்றன. இதை நம்பித் தொழில் தொடங்கலாமா?

2025ஐ மட்டும் பாருங்கள். மார்ச்சில் கனடா, நிரந்தர வதிவிடத்துக்குப் புள்ளி முறையில் ஆட்களைத் தெரிவு செய்யும் 'எக்ஸ்பிரஸ் என்ட்ரி'யில் வேலை வாய்ப்புக்குக் கொடுத்த புள்ளிகளை நீக்கியது. ஜூலையில் ஐக்கிய இராச்சியம் திறன் தொழிலாளர் வீசாவின் பொதுச் சம்பள எல்லையை 41,700 பவுணாக உயர்த்தி, பராமரிப்புப் பணியாளர்களை வெளிநாட்டிலிருந்து புதிதாக எடுப்பதையும் நிறுத்தியது. செப்டெம்பரில் அமெரிக்க ஜனாதிபதியின் பிரகடனம், வெளிநாட்டில் இருப்பவர்களுக்கான புதிய எச்-1பி மனுக்களுக்கு 100,000 டொலர் கட்டணம் விதித்தது.

ஒரு நாட்டின் ஒரு வீசாவை மட்டும் நம்பியிருந்தவர்களுக்கு இவை பேரிடி. அதனால்தான் கொழும்புச் சட்டத்தரணிக்கு என்ன மிச்சம் என்ற கேள்வியில் சொன்ன உள்வரும் வேலையை விடாதீர்கள் என்கிறேன். விதி மாறும் வாரத்தில் சரியான பதில் சொல்லக்கூடியவரைத் தேடித்தான் ஆட்கள் வருவார்கள். ஆனால் மூல விதியைப் படிக்காமல், முகநூல் பதிவைப் பார்த்துப் பதில் சொல்லாதீர்கள்.

வெளிநாட்டிலேயே சட்டத்தரணியாகிவிட்டால் நல்லதல்லவா?

முடிந்தால் செய்யுங்கள். நியூயோர்க்கில் வெளிநாட்டுச் சட்டப் பட்டதாரிகள் பலர் அங்கே ஒரு முதுமாணி முடித்துப் பரீட்சை எழுதுகிறார்கள். கலிபோர்னியா வேறு நாட்டில் பதிவுபெற்ற சட்டத்தரணியை மேற்படிப்பு இல்லாமலே பரீட்சைக்கு அனுமதிக்கிறது. இங்கிலாந்தில் 2021இலிருந்து சொலிசிட்டராவதற்கான எஸ்.கியூ.ஈ. பரீட்சை, கனடாவில் தேசிய அங்கீகாரக் குழுவின் மதிப்பீடு. எந்தப் பதிவு பெற்றாலும் கொழும்பில் ஓர் அலுவலகத்தையும் வைத்திருப்பவருக்கு இரு பக்கமும் தெரியும், அது அரிது.

வெளிநாட்டவரின் வதிவிட வீசாவை இங்கே நிறுத்திவிட்டால் நீதிமன்றம் போக முடியுமா? அவர் பிரசை இல்லையே.

போகலாம். அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரை சமத்துவத்தை 'எல்லா ஆட்களுக்கும்' தருகிறது, வெளிநாட்டவரும் ஆள்தான். 14ஆம் உறுப்புரையின் தொழில் செய்யும் சுதந்திரமோ பிரசைகளுக்கு உரியது, அதை அவர் கோர முடியாது. அடிப்படை உரிமை மனுவை ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய வேண்டும். 140ஆம் உறுப்புரையின் கீழ் மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் எழுத்தாணையும் கேட்கலாம். ஆனால் நீதிமன்றம் வீசா வழங்காது. முடிவெடுத்த முறை சட்டத்துக்கு அமைந்ததா என்றே பார்க்கும். கட்சிக்காரர் நாட்டுக்குள் சட்டபூர்வமாக இருக்கும்போதே இதைத் தொடங்குவது நல்லது.

ஒருவருக்குத் தகுதியே இல்லை என்று தெரிகிறது. காணி ஈடு வைத்துக் காசோடு வந்திருக்கிறார். எப்படிச் சொல்வது?

அன்றே, நேராக, அவருக்குப் புரியும் தமிழில் சொல்லுங்கள். 'பார்ப்போம்' என்று இழுப்பது இரக்கம் போலத் தோன்றும். வட்டி அந்த நாட்களிலும் ஏறிக்கொண்டேயிருக்கும். எந்தத் தகுதி குறைகிறது, அதைப் பெற முடியுமா, எத்தனை வருடம் எடுக்கும் என்பதை ஒரு தாளில் எழுதிக் கையில் கொடுங்கள். வீட்டில் மற்றவர்களிடம் காட்ட அவருக்கு அது வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த வாரமே தரகர் ஒருவர் வந்து 'அந்தச் சட்டத்தரணிக்கு ஒன்றும் தெரியாது' என்பார்.

ஆலோசனைக் கட்டணத்தை முன்கூட்டியே சொல்லி வாங்குங்கள், பற்றுச்சீட்டும் கொடுங்கள். வீசா கிடைத்தால்தான் பணம் என்ற ஒப்பந்தத்துக்கு நான் போவதில்லை, ஏனென்றால் 'இல்லை' என்று சொல்லும் சுதந்திரம் அதில் பறிபோகிறது. காணியை ஈடு வைத்துவிட்டு வந்தவர் அதை ஈட்டிலிருந்து மீட்க வேண்டுமானால் அதற்கு நொத்தாரிசு வேலையையும் நீங்களே செய்து கொடுக்கலாம்.